வெளிக்கோழி உள்ளே வரக்கூடாது

என் வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ஓட்டுக் கேட்கிறவர்கள் வரலாம், ஜாதகம் பார்க்கிறவர் வரலாம், எனக்குப் பிடிக்காத சொந்தக்காரர்கள்கூட வந்து ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போகலாம். வெளிக்கோழி மட்டும் உள்ளே வரக்கூடாது. இதை இந்த ஊரில் எல்லோரிடமும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரு தகரத்தில் பெயிண்டால் எழுதிக் கேட்டில் மாட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

ஆறு வருஷம் முட்டைப் பண்ணையில் வேலை பார்த்தவள் நான். ஒவ்வொரு ஷெட் வாசலிலும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும், அதில் காலை நனைக்காமல் உள்ளே போக முடியாது. அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கவே கூடாது, சேர்க்கும்போதே சொல்லிவிடுவார்கள். வீட்டுக் கோழியிலிருந்து பண்ணைக்குச் சீக்கு ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். அன்றைக்கு நானும் சிரித்தவள்தான். சொந்தமாகக் கோழி வளர்க்க வேண்டும் என்ற ஆசையில் நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலையை விட்டேன். பதினாலு கோழி ஆயிற்று. அப்போது என் வீட்டுக்காரர் நந்தகுமார் குழம்புக்கென்று சந்தையில் ஒரு கோழி வாங்கி வந்து, ஒரே ஒரு ராத்திரி கொல்லையில் கட்டிப்போட்டார். நாலாம் நாள் பதினாலும் வெள்ளையாகக் கழிந்து செத்தன. நானே குழி வெட்டிப் புதைத்தேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டேன். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து, இந்தச் சித்திரையில் முப்பத்திநாலு பெருங்கோழி. மாசியில் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அத்தனைக்கும் கழிச்சல் ஊசி போட்டாயிற்று. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு கோழி பொரித்த பதினெட்டுக் குஞ்சுகளுக்கு இன்னும் மருந்து விடவில்லை. மருந்துக் குப்பியை உடைத்தால் நூறு குஞ்சுக்கு விடலாம், கொஞ்ச நேரத்திலேயே காலி செய்துவிட வேண்டும். பத்து வீட்டுக் குஞ்சு சேரட்டும், கூப்பிடுகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பதினெட்டைத்தான் நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கேட்டில் நங்கையா வந்து நின்றார். நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா ராமாயி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர். டவுன் பஸ்ஸில் வந்து, நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். இடுப்பில் ஒரு கூடை. கூடையின் மேல் பழைய சேலையைப் போட்டுக் கட்டியிருந்தார். சேலைக்குள் ஏதோ அசைந்தது.

"கண்ணு சித்ரா, கதவத் தொற சாமி. கை வலிக்குது."

"கூடைல என்னுங்க நங்கையா?"

"கோழிதான். ஊர்ல சீக்கு வந்துபோச்சு. இருபத்திமூணு இருந்துச்சு. மூணு பொட்டையும் ஒரு சேவலுந்தான் மிச்சம். இங்க ஒரு பத்து நாளைக்குக் கெடக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். ஊரில் கோழிச் சீக்கு வந்துவிட்டால், மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவதற்கு வேறு ஊரில் இருக்கும் ஒறம்பரை வீட்டுக்கு, அதாவது சொந்தக்காரர் வீட்டுக்கு, கொண்டுபோய் விடுவார்கள். பற்றி எரிகிற வீட்டிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து அடுத்த வீட்டுக் கூரையில் வைத்துக் காப்பாற்றுவது மாதிரி. இப்படித்தான் ஒரு ஊர்ச் சீக்கு ஏழு ஊருக்குப் போகிறது. அப்புறம் எல்லோரும் சேர்ந்து காற்றில் வந்தது என்று காற்றைக் குறை சொல்வார்கள்.

நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க உள்ள வாங்க. கூட அங்கயே இருக்கட்டும்."

"வெயில்ல வெச்சா செத்துப்போயிருமல்ல?"

"உள்ள வந்தா என்ற கோழி செத்துப்போயிருமுங்க. குஞ்சு பதினெட்டு இருக்குது, மருந்தே உடல."

"இது நல்லாத்தான் இருக்குது, பாரு. எரை தின்னுது. மூலைல ஒரு பஞ்சாரத்தப் போட்டுக் கவுத்துனா ஆச்சு."

"மாசில ஊசி போட வந்தாங்களே, போட்டீங்களா?"

நங்கையா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அவிய ஒம்போது மணிக்கு வந்தாங்க. நான் காத்தாலயே தொறந்து உட்டுட்டேன். ஊசி போட்டா முட்ட நின்னு போகுமுன்னு சொன்னாங்க."

அங்கேதான் எனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. வீடு தேடி வந்து போடுகிறார்கள், சும்மா போடுகிறார்கள், ஒரே ஒரு நாள் கோழியைக் கூண்டில் வைத்திருக்க முடியாதா? எதிர்வீட்டுச் சின்னாயி விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அது தெரிந்தும் என் வாய் நிற்கவில்லை.

"ஊசி போட வந்தவங்களத் திருப்பி அனுப்பிப்போட்டு, இப்ப சீக்கக் கூடைல கட்டி என்ற ஊட்டுக்குக் கொண்டாறீங்களே, அறிவு இருக்குதுங்களா?"

பதினாலு வயது மூத்தவர். எனக்குச் சீர் செய்த கை அது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் கூடையை இறக்காமல், குரலைத் தணித்து ஒன்று கேட்டார்.

"செரி, பொட்டைக போவட்டும். அந்தச் சேவல மட்டுமாச்சும் வெச்சுக்க சாமி."

"அதுல மட்டும் என்னுங்க ஒசத்தி?"

நங்கையா என்னைப் பார்த்தார். சின்னாயியைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, கூடையை இடுப்பு மாற்றி வைத்துத் திரும்பி நடந்தார். தண்ணீர் குடிக்கவில்லை. "நங்கையா, தண்ணியாச்சும் குடிச்சுட்டுப் போங்க" என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. கூப்பிட்டேனே தவிர, தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். பதினெட்டு நாள் ஓட்டிவிட்டு முந்தின நாள்தான் வந்திருந்தார், அடுத்த நடைக்கு இரண்டு வாரம் இருந்தது. மத்தியானம் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். சின்னாயி வேலையை முடித்துவிட்டிருந்தாள்.

"என்ற அக்காவ வாசல்ல நிக்க வெச்சியாமா?"

"உள்ள கூப்பிட்டனுங்க. கோழியத்தான் வேண்டாம்னேன்."

"அறிவு இருக்குதான்னு கேட்டியா, இல்லியா?"

"கேட்டேன். பதினாலையும் பொதைச்சது நானு, நீங்களா?"

"அந்தச் சேவல் ஆருக்குன்னு தெரியுமாடி உனக்கு?" என்று கத்தினார். "போன ஐப்பசில குடல் வெடிச்சு நீ ஆஸ்பத்திரில கெடந்தியே, நாளைக்குத்தான் சொல்ல முடியும்னு டாக்டர் சொன்னப்ப, அக்கா போயிக் கருப்பனாருக்கு நேந்து உட்ட சேவல் அது. உனக்காக. குஞ்சுல இருந்து காலுல மஞ்சத் துணி கட்டி வளத்துனாங்க. வர்ற வைகாசில அறுக்கோணும்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். சொல்லியிருக்கலாம் அல்லவா? வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்? "ஏனுங்க, என்றகிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றேன்.

"வாசல்ல நிக்க வெச்சு அறிவிருக்குதான்னு கேக்கறவகிட்ட, உனக்காக நேந்த சேவலுன்னு சொல்லி உள்ள வரோணுமா? அவங்களுக்கு ரோசம் இல்லியா?"

சொல்லியிருந்தால் மட்டும் கேட்டைத் திறந்திருப்பேனா என்று யோசித்தேன். திறந்திருக்க மாட்டேன். அதுதான் என்னை மிகவும் குத்தியது. ஆனால் வேறு ஒன்று செய்திருக்கலாம். எங்கள் விவசாயக் காடு வீட்டிலிருந்து அரை மைல். அங்கே மோட்டார் ரூம் இருக்கிறது, ஒரு கோழியும் அந்தப் பக்கம் போகாது. பண்ணையில் சந்தேகப்பட்ட கோழியைத் தனி ஷெட்டில் போடுவதை ஆறு வருஷம் கண்ணால் பார்த்தவள் நான். "கூடைய மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோலாமுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன், அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே நங்கையா வீட்டுக்குப் போனேன். கூடையில் வந்த மூன்று பெட்டையில் ஒன்று செத்திருந்தது, இரண்டு தலையைத் தொங்கப்போட்டிருந்தன. சேவல் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நின்றது. காலில் மஞ்சள் துணி. நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சேவலைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போ. உன்றதுதான்."

சேவலை மோட்டார் ரூமில் வைத்தேன். சீக்குக் கோழியைத் தொட்ட கை நல்ல கோழியைத் தொடக்கூடாது. ஆகவே இந்தச் சேவல் தேறும் வரைக்கும், இல்லை சாகும் வரைக்கும், என் கொல்லைப் பக்கம் நான் போக முடியாது. கிணற்றடியில் குளித்து, சேலை மாற்றி, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து படுக்கலாம், அவ்வளவுதான். முப்பத்திநாலு கோழியும் பதினெட்டுக் குஞ்சும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. பதினாறு சக்கர லாரியை மலை ஏற்றி இறக்குகிறவருக்குக் கோழியைத் திறந்துவிடத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மோட்டார் ரூமிலிருந்து போனில்தான் கோழி வளர்த்தேன்.

"தண்ணி மாத்துனீங்களா?"

"மாத்தியாச்சு."

"சட்டியத் தேச்சுக் கழுவுனீங்களா, இல்ல பழைய தண்ணி மேலயே ஊத்துனீங்களா?"

அந்தப் பக்கம் சட்டி உருளும் சத்தம் கேட்டது.

"கீழ பாசி புடிச்சிருக்கும், போயித் தேயுங்க. தேச்சுட்டு நெழல்ல வெய்யுங்க, வெயில்ல வெச்சா சுடுதண்ணியக் குடிக்காது."

குஞ்சுகளுக்கு முழு மக்காச்சோளத்தைப் போட்டிருந்தார். அது எப்படி விழுங்கும், அவர் விழுங்குவாரா? குருணையைப் போடச் சொன்னேன். விடிவதற்கு முன்னாலேயே கூண்டைத் திறந்துவிட்டார். வேலியோரம் கீரி காத்திருக்கும், நன்றாக வெளுத்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று மூன்று நாள் சொன்னேன். அடையில் உட்கார்ந்திருந்த கோழி சீறியது என்று, உடம்புக்கு முடியவில்லை என நினைத்து அதைத் தூக்கி வெளியே விட்டுவிட்டார். பன்னிரண்டு நாள் அடைகாத்த முட்டை. "மறுபடி கொண்டுபோயி உக்கார வெய்யுங்க" என்று நான் கத்தியதில் மோட்டார் ரூம் மேலே இருந்த மைனாக்கள் பறந்துபோயின.

நாலாம் நாள் காலையில் போன்.

"சித்ரா, வந்துருச்சு. ஒண்ணு கீழ உழுந்து கெடக்குது. கண்ண மூடிட்டு, றெக்கைய விரிச்சு, காலு ரெண்டும் ஒரு பக்கமா இழுத்துட்டு கெடக்குது."

என் கால் இரண்டும் தரையில் இல்லை. அரை மைலையும் ஓடினேன். கொல்லை வேலிக்கு இருபது அடி இருக்கும்போது என் கை ஞாபகம் வந்து நின்றுவிட்டேன். சேவலுக்குக் கஞ்சி ஊற்றிய கை. வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். என் வெடக்கோழி ஒன்று சாம்பல் குழிக்குள் படுத்து, மண்ணை வாரிச் சிறகுக்குள் போட்டு, சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

"அது மண்ணுக் குளிக்குதுங்க! செள்ளுப் பூச்சி போறதுக்குக் குளிக்குது! நாலு வருசமா இந்த ஊட்லதான சோறு திங்கறீங்க?"

"எனக்கென்ன தெரியும்? செத்தது மாரியே கெடந்துச்சு."

நான் வேலியைப் பிடிக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவரும் அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் வேலி. கோழி எழுந்து உதறிக்கொண்டு போய்விட்டது.

சேவல் படாத பாடு பட்டது. இதற்கு மருந்து கிடையாது என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். மஞ்சளும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து, கஞ்சியில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமாக விட்டேன். வேகமாக விட்டால் மூச்சுக்குழலுக்குள் போய்ச் செத்துவிடும், சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். மூன்றாம் நாள் கால் மடங்கிவிட்டது. ஐந்தாம் நாள் கழுத்து முறுக்கிக்கொண்டது. "செத்துத் தொலையாத, செத்தீன்னா பாரு" என்று அதையும் திட்டினேன். திட்டுவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

சாகவில்லை. எட்டாம் நாள் எழுந்து நின்றது. பத்தாம் நாள் கம்புத் தானியத்தைக் கொத்தியது. ஒரு மணியைப் பார்த்துக் கொத்தினால் இரண்டு விரல்கடை தள்ளி மண்ணில் மூக்கு விழுந்தது. கழுத்து கோணியது கோணியதுதான், நேராகவில்லை. கூவினபோது தலை முதுகுப் பக்கம் திரும்பி, வானத்தைப் பார்த்துக் கூவிற்று. நான் கைதட்டினேன். வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன்.

"கழுத்து கோணுனதக் கருப்பனாருக்கு அறுக்க முடியாதல்ல, சித்ரா."

ஊனமில்லாத சேவலைத்தான் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். பத்து நாளும் அதைச் சாகவிடாமல் பார்த்ததில் இது என் மண்டையில் ஏறவே இல்லை. எனக்கு எல்லோர்மேலும் கோபம் வந்தது. ஊசி போட்டால் முட்டை நின்றுபோகும் என்று கதை கட்டிவிட்ட அந்த முகம் தெரியாத ஆள்மேல், வாய் திறந்து சொல்லாத நங்கையாமேல், தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்ற என்மேல்.

அன்றைக்கே கிணற்றடியில் தலைக்குக் குளித்து, சேலை மாற்றி, கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டு, பத்து நாளுக்கு அப்புறம் என் கொல்லைக்குள் காலை வைத்தேன். குஞ்சு பதினெட்டும் இருந்தது. எண்ணி எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு. என் கூட்டத்திலேயே பெரிய சேவலைப் பிடித்தேன். செங்கருப்பு, கொண்டை ரத்தச் சிவப்பு, போன வருஷம் கீரியை விரட்டிய சேவல் அது. காலைக் கட்டிக் கையில் தூக்கிக்கொண்டு நங்கையா ஊருக்குப் பஸ் ஏறினேன். அதற்குப் பதில் இது. கையில் கொடுத்து, காலில் விழுந்துவிட்டு வந்துவிடலாம் என்று இருந்தேன்.

நங்கையா வாசல் முழுக்கச் சுண்ணாம்புத் தூள் போட்டிருந்தார். கோழிக்கூண்டைக் கொளுத்தியிருந்தார், கொல்லையில் கரி கிடந்தது. கேட்டை நான் தள்ளப் போகும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"நில்லு! அங்கயே நில்லு!"

நின்றேன்.

"கைல என்ன?"

"சேவலுங்க நங்கையா. கருப்பனாருக்கு. அந்தச் சேவலுக்குக் கழுத்து..."

"உள்ள வராத. இங்க சீக்கு உட்டு ஒரு வாரங்கூட ஆகல. நல்ல சேவலக் கொண்டாந்து இந்த வாசல்ல உடறியே, அறிவு இருக்குதா?"

பக்கத்து வீட்டில் இரண்டு பேர் தின்பண்டம் கொறிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஆறு வருஷம் பண்ணையில் வேலை பார்த்தவள், கேட்டில் தகரம் மாட்டியவள், ஊருக்கே புத்தி சொன்னவள், நல்ல சேவலைத் தூக்கிக்கொண்டு சீக்கு வந்த வீட்டு வாசலில் நிற்கிறேன். வெயில் மண்டையைப் பிளந்தது. சேவல் நாலு கிலோ இருக்கும். கை வலித்தது.

"கை வலிக்குதுங்க நங்கையா" என்றேன். சொன்ன பிறகுதான், அவர் என் கேட்டில் நின்று முதலில் சொன்னதும் இதேதான் என்று எனக்கு உறைத்தது.

நங்கையா உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு மேலாகச் சொம்பை நீட்டினார்.

"குடி. குடிக்காமப் போனீன்னா அப்பறம் நான் பேசமாட்டேன். சேவல உன்ற ஊட்லயே கட்டி வளத்து. வைகாசில நேராக் கோயிலுக்குக் கொண்டா, நானும் வாரேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னதெல்லாம் சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சேவலை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தேன். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சேவலும் வாயைப் பிளந்துகொண்டிருந்ததே என்று சொம்பை அதன் மூக்குப் பக்கம் சாய்த்தேன்.

"அட கூறுகெட்டவளே!" நங்கையா கேட்டுக்குள்ளிருந்து கத்தினார். "எங்கூட்டுச் சொம்புல அதுக்கு ஊத்தாதடி!"